சனிக்கிழமை குரூப் ரைடு, ஞாயிற்றுக்கிழமை ரேஸ்: புதிதாக வருபவர்களுக்கு

சைக்கிள் குரூப் ரைடுக்கு வர ஆசைப்படுபவர்கள் வழக்கமாகக் கேட்பது இரண்டு கேள்விகள். "என்கிட்ட இருக்கிறது சாதாரண ஹைபிரிட், பரவாயில்லையா?" "உங்க வேகத்துக்கு என்னால ஈடுகொடுக்க முடியுமா?" இரண்டுக்கும் பதில் சுலபம். ஹைபிரிட் (ரோடு பைக்குக்கும் மலைச் சைக்கிளுக்கும் இடைப்பட்டது) தாராளமாகப் போதும், வேகத்துக்கு ஏற்ற குழுவும் கிடைக்கும். ஆனால் ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் புதிய ஆளைப் பார்த்ததும் மனதுக்குள் கேட்டுக்கொள்வது வேறு: இவர் நேராக ஓட்டுவாரா, சொல்லாமல் பிரேக் பிடிப்பாரா, அடுத்த இரண்டு நொடியில் என்ன செய்யப்போகிறார் என்று பின்னால் வருகிற எனக்குத் தெரியுமா? அதற்கு "தெரியும்" என்று பதில் வந்துவிட்டால், நீங்கள் மணிக்கு 22 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுபவராக இருந்தாலும் அடுத்த வாரமும் கூப்பிடுவார்கள்.

இங்கே எழுதுவது சென்னை ஈசிஆரை, அதாவது கிழக்குக் கடற்கரைச் சாலையை வைத்து. திருவான்மியூரிலிருந்து நீலாங்கரை, அக்கரை, உத்தண்டி, முட்டுக்காடு, கோவளம் என்று மாமல்லபுரம் வரை போகிற, ஒரு பக்கத்துக்கு 40 கிலோமீட்டருக்குச் சற்று மேல் வரும் சாலை. மேடு கிடையாது, சிக்னல் போகப் போகக் குறையும், காற்று மட்டும் தாராளம். மலை வேண்டுமென்பவர்கள் 14 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள ஏலகிரிக்கோ, 70 வளைவுகளோடு காத்திருக்கும் கொல்லிமலைக்கோ போவார்கள், அதெல்லாம் பிறகு. கூட்டத்தில் ஓட்டப் பழக சமதளமே நல்லது.

வெள்ளிக்கிழமை இரவே பாதி வேலை

காலை நாலரைக்கு எழுந்து தூக்கக் கலக்கத்தில் பம்பைத் தேடுவது வேண்டாம், எல்லாவற்றையும் முதல் நாள் இரவே முடித்துவிடுங்கள். முதலில் டயர். சக்கரத்தை மெதுவாகச் சுற்றிக்கொண்டே விரலால் அல்ல, ஒரு பழைய துணியால் தடவிப் பாருங்கள். எங்காவது துணி மாட்டினால் அங்கே ஏதோ குத்தியிருக்கிறது. நம் நெடுஞ்சாலைகளில் பஞ்சருக்குப் பெரிய காரணம் ஆணியோ கண்ணாடியோ கூட இல்லை, வெடித்த லாரி டயரிலிருந்து உதிர்கிற முடி போன்ற மெல்லிய கம்பி. வெளியிலிருந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. டயரில் அரை மில்லிமீட்டர் கறுப்புப் புள்ளியாக நிற்கும், ட்யூபை மாற்றிப் போட்டாலும் பத்து நிமிடத்தில் மறுபடி காற்று இறங்கும். அதனால் சாலையில் பஞ்சரானால் புது ட்யூபை மாட்டுவதற்கு முன் டயரின் உட்புறத்தைத் துழாவி அந்தக் கம்பியை எடுத்தே ஆக வேண்டும். அதற்கென்றே புருவம் பிடுங்கும் சின்ன இடுக்கியை ட்யூபோடு சேர்த்துப் பையில் வைத்திருப்பவர்கள் உண்டு, நல்ல யோசனை.

காற்று எவ்வளவு அடிப்பது? டயரின் ஓரத்தில் அச்சிட்டிருப்பது அதிகபட்ச அளவு, அவ்வளவு அடிக்க வேண்டும் என்று பொருளில்லை. 70 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 28 மில்லிமீட்டர் டயரில் 75 முதல் 85 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) போதும். கல்லாக இறுகிய டயர் மோசமான ரோட்டில் குதிக்குமே தவிர வேகமாக ஓடாது. இன்னொன்று, ரோடு பைக்குகளில் பெரும்பாலும் பிரெஸ்டா வால்வு, அதாவது ஒல்லியாக நீண்டு முனையில் சின்ன திருகு உள்ளது. பெட்ரோல் பங்க்கில் இருக்கும் காற்றுக்குழாய் இதில் பொருந்தாது. ஒரு பித்தளை அடாப்டர் வாங்கி வால்விலேயே மாட்டி வைத்துவிடுங்கள், ரொம்ப மலிவானது.

அப்புறம் செயினுக்கு எண்ணெய் விட்டுத் துடைத்தீர்களா, இரண்டு சக்கரத்தின் குவிக் ரிலீசும் (சக்கரத்தைக் கழற்றி மாட்டும் நெம்புகோல்) இறுகியிருக்கிறதா, பிரேக் கட்டைகள் ரிம்மில் படுகின்றனவா என்று பாருங்கள். எந்தக் கைப்பிடி முன் பிரேக் என்பதையும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள், கடன் வாங்கிய சைக்கிளிலோ இரண்டாம் கையாக வாங்கியதிலோ இது மாறியிருக்கலாம், அவசரத்தில் தெரிந்துகொள்வது உதவாது. பையில் இரண்டு ட்யூப், இரண்டு டயர் லீவர், கைப் பம்ப், பேட்ச், கொஞ்சம் பணம் (காலை ஐந்தரை மணி டீக்கடையில் நெட்வொர்க் இல்லையென்றால் ஜிபேயும் இல்லை), வீட்டார் நம்பரும் ரத்த வகையும் எழுதிய ஒரு சீட்டு. முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, இரண்டும் சார்ஜில். ஹெல்மெட் இல்லாமல் வந்தால் ஒழுங்கான எந்தக் குழுவும் சேர்த்துக்கொள்ளாது, அது சரியும்கூட.

இரவுச் சாப்பாடு வழக்கமானதே. நாளை நிறைய ஓட்டப்போகிறோம் என்று பிரியாணியை ஒரு கை பார்த்துவிட்டு வந்தால் உத்தண்டி தாண்டும்போது அது உங்களைப் பார்க்கும்.

எந்தக் குழு, எந்த வேகம்

கிளம்புவதற்கு முன்னாலேயே மூன்று விஷயங்களைக் கேட்டுவிடுங்கள். சராசரி வேகம் என்ன, எங்கே திரும்புகிறார்கள், யாராவது பின்தங்கினால் காத்திருப்பார்களா. காத்திருப்பவர்கள் "நோ டிராப்" என்பார்கள், முதல் சில மாதங்களுக்கு அதையே தேடுங்கள். வேகத்தைச் சொல்லும்போது எல்லோரும் கொஞ்சம் அடக்கத்தோடு சொல்வார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். "ஈசி ரைடுதான், 25 போவோம்" என்பதற்கு, அக்கரை வரை 25, அதன்பிறகு யாராவது ஒருவர் காலை நீட்டும்வரை 28, அப்புறம் 32 என்று பொருள் வருவதுண்டு. தனியாக ஓட்டும்போது ஒரு மணி நேரம் 24 கிலோமீட்டர் வேகத்தைப் பெரிய சிரமமில்லாமல் பிடிக்க முடிகிறவருக்கு, கூட்டத்தின் மறைவில் 27, 28 தாங்கும்.

ஏன் தாங்கும் என்று புரிந்துகொண்டால் பாதி விதிகள் தானாகவே விளங்கும். சமதளத்தில் 30 கிலோமீட்டர் வேகத்தை நெருங்கும்போது உங்கள் சக்தியில் பெரும்பங்கு காற்றைக் கிழிக்கவே செலவாகிறது. முன்னவரின் சக்கரத்துக்கு நெருக்கமாக ஓட்டினால் அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மிச்சம். பெரிய கூட்டத்தில் இது இன்னும் நம்ப முடியாத அளவுக்குப் போகிறது. நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பெர்ட் பிளாக்கன் குழுவினர் 2018-இல் 121 பேர் கொண்ட கூட்டத்தைக் கணினியிலும் காற்றுச் சுரங்கத்திலும் வைத்து அளந்தபோது, நடுவில் பின்பகுதியில் இருப்பவருக்கு, தனியாக ஓட்டுபவர் சந்திக்கும் காற்றுத் தடையில் 5 முதல் 10 சதவீதம்தான் இருந்தது. நம் குழுவில் பத்துப் பதினைந்து பேர்தான், அவ்வளவு சுகம் கிடைக்காது, ஆனாலும் வித்தியாசம் முதல் நாளே காலில் தெரியும்.

கூட்டத்துக்குள் நடந்துகொள்வது

முதல் ரைடில் நடுவிலோ பின்பாதியிலோ நில்லுங்கள், கடைசி ஆளாக மட்டும் வேண்டாம். கடைசி ஆள் பின்தங்கிவிட்டால் யாருக்கும் தெரியாது, அந்த இடத்தில் வழக்கமாக அனுபவமுள்ள ஒருவர் இருப்பார்.

முன்னவரின் சக்கரத்துக்கும் உங்கள் சக்கரத்துக்கும் இடையே ஒரு சைக்கிள் நீளம் இடைவெளி விட்டுத் தொடங்குங்கள். நம்பிக்கை வர வர அரை நீளமாகக் குறைக்கலாம். ஒரு சாண் இடைவெளியில் ஓட்டுபவர்களைப் பார்த்துக் கை அரிக்கும், அவர்கள் ஒருவரையொருவர் வருடக்கணக்கில் அறிந்தவர்கள். கண்ணை முன்சக்கரத்திலேயே குத்திவைக்காதீர்கள், முன்னவரின் இடுப்பையும் தோளையும் தாண்டி, அவருக்கு முன்னால் இருப்பவர் வரை பாருங்கள். சக்கரம் சொல்வதற்கு முன்பே இடுப்பு சொல்லிவிடும்.

இனி எல்லாவற்றிலும் முக்கியமானது. உங்கள் முன்சக்கரம் ஒருபோதும் முன்னவரின் பின்சக்கரத்தோடு பக்கவாட்டில் இணையாகப் போகக் கூடாது. உங்கள் முன்சக்கரம் அவரது பின்சக்கரத்தை ஓரங்குலம் பக்கவாட்டில் தாண்டி ஓடும்போது அவர் ஒரு பள்ளத்துக்காக லேசாக ஒதுங்கினாலும் அவரது பின்சக்கரம் உங்கள் முன்சக்கரத்தில் உரசும். அவருக்கு ஒன்றும் ஆகாது, பின்சக்கரம் தட்டுப்பட்டதுகூடச் சில சமயம் தெரியாது. உங்களுக்கோ ஹேண்டில்பாரைத் திருப்பிச் சமாளிக்க இடமே இருக்காது, ஏனென்றால் சைக்கிள் விழாமல் நிற்பதே முன்சக்கரம் கொஞ்சம் கொஞ்சமாக இடமும் வலமும் திரும்பிக்கொண்டே இருப்பதால்தான், அதைத் தடுத்துவிட்டால் அரை நொடியில் தரையில். கூட்டத்தில் விழுபவர்களில் பெரும்பாலோர் இப்படித்தான் விழுகிறார்கள், பின்னால் வருபவர்களும் அவர்மேல் ஏறி விழுவார்கள். "ப்ரோ, வீல் பாத்து" என்று யாராவது சொன்னால் கோபித்துக்கொள்ளாமல் உடனே பின்வாங்குங்கள்.

வேகத்தைக் குறைக்க பிரேக் கடைசி வழி. மிதிப்பதை நிறுத்தாமல் அழுத்தத்தை மட்டும் குறைத்துப் பாருங்கள், அது போதவில்லையென்றால் அரை அடி பக்கவாட்டில் வந்து நெஞ்சில் காற்று வாங்குங்கள், அதுவே பிரேக் போல வேலை செய்யும். அதுவும் போதாதென்றால் இரண்டு பிரேக்கையும் இறகு தடவுவதுபோல் தொட்டு, "ஸ்லோ!" என்று சத்தமாகச் சொல்லுங்கள். சீட்டிலிருந்து எழுந்து மிதிக்கும்போதும் எச்சரிக்கை வேண்டும். எழுகிற நொடியில் சைக்கிள் உங்களுக்குக் கீழே ஒரு சாண் பின்னோக்கிப் போகும், பின்னவருக்கு நீங்கள் பிரேக் பிடித்தது போலவே தெரியும். பெடலை அழுத்திக்கொண்டே எழுந்தால் அந்தப் பின்னோக்கு அசைவு வராது. தண்ணீர் குடிப்பது, ஜாக்கெட் கழற்றுவது, போனைப் பார்ப்பது எல்லாம் பின்வரிசைக்குப் போன பிறகு. போனைப் பார்ப்பது அங்கேயும் வேண்டாம்.

சைகைகள் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும், அடிப்படை ஒன்றுதான். பள்ளம் வந்தால் அந்தப் பக்கத்துக் கையால் கீழே சுட்டி "பள்ளம்!" என்று கத்துவது, நிற்கப்போகிறோம் என்றால் கையை உயர்த்துவது, பின்னாலிருந்து பேருந்து வந்தால் கடைசி ஆள் "வண்டி!" என்பது, அதை ஒவ்வொருவரும் முன்னால் கடத்துவது. கடத்தாமல் விழுங்குகிற ஒருவர் நடுவில் இருந்தால் சங்கிலி அறுந்துவிடும். கையை எடுக்கப் பயமாக இருந்தால் வாயால் மட்டும் சொல்லுங்கள், யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஒவ்வொரு சின்ன விரிசலுக்கும் கத்தவும் வேண்டாம், அப்புறம் உண்மையான பள்ளம் வரும்போது யாரும் கேட்கமாட்டார்கள்.

ஈசிஆரில் கண் வைக்க வேண்டியவை: சாலையோர மணல், போலீஸ் பேரிகேடுகள் (இருட்டில் விளக்கில்லாமல் நிற்கும்), எதிர்த் திசையில் ஓரமாக வரும் பைக்குகள், நிறுத்தத்துக்காக உங்களை முந்தி உடனே இடதுபுறம் வெட்டும் பேருந்து, நாய்கள். நாய் குரைத்தால் ஒதுங்காதீர்கள், நேராகப் போய்க்கொண்டே இருங்கள், நாயைவிட நீங்கள் திடீரென்று வளைவதால்தான் ஆபத்து.

முன்வரிசைக்கு வரும் முறை உங்களுக்கும் வரும். புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். கூட்டம் 28-இல் போய்க்கொண்டிருக்கும், முன்னவர் விலகியதும் இவருக்கு உற்சாகம் பிறந்து 32-க்கு ஏற்றிவிடுவார். காற்றை எதிர்க்கத் தேவைப்படும் சக்தி வேகத்தின் முப்படிக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்ப ஏறுகிறது, 28-லிருந்து 32 என்றால் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. பின்னால் இருக்கும் பலவீனமானவர்கள் கழன்றுபோவார்கள், நடுவில் இடைவெளி விழும், வரிசை சிதறும். யாரும் உங்களைப் பலசாலி என்று நினைக்கப்போவதில்லை, திட்டத்தான் செய்வார்கள். மீட்டரைப் பார்த்து அதே 28-ஐப் பிடியுங்கள், ஒரு நிமிடமோ முப்பது மிதியோ இழுத்தால் போதும், தோளைத் திருப்பிப் பின்னால் பார்த்து, முழங்கையை ஆட்டிக் காட்டி விலகுங்கள். எந்தப் பக்கம் விலகுவது என்று கிளம்பும்போதே பேசி வைத்திருப்பார்கள். பொதுவாகக் காற்று அடிக்கும் பக்கமாக விலகுவது முறை, ஆனால் போக்குவரத்து இருந்தால் போக்குவரத்தே முடிவு செய்யும். விலகியதும் மிதிப்பதைக் குறைத்து வரிசையின் கடைசிவரை நழுவி வாருங்கள், கடைசி ஆள் உங்கள் தோளுக்கு நேராக வரும்போதே மறுபடி வேகம் கூட்டத் தொடங்க வேண்டும், அவர் தாண்டிய பிறகு கூட்டினால் அந்த மூன்று மீட்டரைப் பிடிக்கவே மூச்சு வாங்கும். முடியவில்லையா, முன்னுக்கு வந்ததும் உடனே விலகிவிடலாம். இழுக்காமலே பின்னால் உட்கார்ந்து வந்தாலும் புதியவர் என்று விட்டுவிடுவார்கள். கடைசி ஒரு கிலோமீட்டரில் மட்டும் திடீரென்று உயிர்வந்து எல்லோரையும் முந்துவதைத்தான் மன்னிக்கமாட்டார்கள்.

முட்டுக்காடு பாலத்தில் பக்கக் காற்று தள்ளும். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிப்பது எதிர்மாறான பலனையே தரும், முழங்கையை மடக்கித் தளர்வாக வைத்துக்கொண்டு கொஞ்சம் குனியுங்கள். மாமல்லபுரம் நோக்கிப் போகும்போது கடலிலிருந்து காற்று வருகிறதென்றால் மறைவு முன்னவருக்கு நேர் பின்னால் இருக்காது, சற்று வலப்பக்கமாக இருக்கும், அதனால் வரிசை சாய்வாக நிற்கும். சாலையின் பாதியை இப்படி அடைக்க நமக்கு அனுமதி இல்லை, மூன்று பேர் சாய்வாக நிற்பதற்குள் லேன் முடிந்துவிடும். மீதிப் பேர் காற்றை அனுபவிக்க வேண்டியதுதான்.

காற்றின் திசை மாதத்துக்கு மாதம் மாறுவதால் கிளம்பும்போதே கணக்குப் போடுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் தெற்கிலிருந்து வீசும், மாமல்லபுரம் போகும்போது முகத்தில் அடித்துத் திரும்பும்போது தள்ளிவிடும், இது நல்லது. வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கிய பிறகு வாடை பின்னாலிருந்து தள்ள, போகும்போது "இன்னைக்கு நல்ல ஃபார்ம்" என்று எல்லோரும் நினைத்துக்கொண்டு போவார்கள், கோவளத்திலிருந்து திரும்பும்போதுதான் உண்மை தெரியும்.

இடையில் இட்லியும் காபியும் உண்டு. பாதி வழியில் பொங்கலும் வடையும் முழுதாக ஏற்றிக்கொண்டு திரும்ப மிதிப்பது அவரவர் விருப்பம், நெய் கனக்கும் என்று மட்டும் சொல்லி வைக்கிறேன். முடிந்தவரை சீக்கிரம் திரும்பிவிட்டால் உத்தமம், நேரமாக ஆக வெயிலும் வார இறுதிக் கார்களும் சேர்ந்துகொள்ளும்.

ஞாயிறு ரேஸ் என்றால்

சனிக்கிழமை மாமல்லபுரம் போய்வந்துவிட்டு ஞாயிறு ரேஸில் நிற்பது வீரம்தான், ஆனால் கால் ஒத்துக்கொள்ளாது. ரேஸ் உள்ள வாரத்தில் சனிக்கிழமை முட்டுக்காடு வரை மெதுவாகப் போய்த் திரும்புங்கள், இடையில் மூன்று நான்கு முறை ஒரு நிமிடம் வேகமாக மிதித்துக் காலை எழுப்பிவிட்டால் போதும். முந்தைய நாள் அதிகம் ஓட்டுவதால் உடல் வலுவாகாது, வலு அதற்கு முன்னேயே வந்திருக்க வேண்டும்.

கிளப்புகளும் அமைப்பாளர்களும் நடத்தும் ஓபன் ரேஸ்களில் பெயர் கொடுத்துப் பணம் கட்டினால் சேர்ந்துவிடலாம். ரோடு பைக், ஹைபிரிட், எம்டிபி (மலைச் சைக்கிள்) என்றும் வயதை வைத்தும் பிரிவுகள் இருக்கும். உங்கள் சைக்கிளுக்கான பிரிவில் சேருங்கள், கௌரவத்துக்காக மேலே போகாதீர்கள். முதல் ரேஸ் டைம் டிரையலாக இருக்கட்டும், ஒவ்வொருவராகக் கிளம்பித் தனியாக ஓட்டுவது. எல்லோரும் ஒன்றாகக் கிளம்பும் மாஸ் ஸ்டார்ட், குரூப் ரைடில் சில மாதம் பழகிய பிறகுதான். இதில் நான் கறார். வேகமான கால் இருந்து நேராக ஓட்டத் தெரியாதவர் தானும் விழுவார், பக்கத்தில் நாலு பேரையும் சேர்த்து விழ வைப்பார்.

சட்டையில் மாட்டும் ரேஸ் நம்பரைச் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். நான்கு மூலையிலும் பின் குத்தி, சட்டையோடு ஒட்டி இருக்கும்படி, சொன்ன பக்கத்தில் மாட்டுங்கள், காற்றில் படபடத்தால் எரிச்சலாகவும் இருக்கும், வேகமும் போகும். விதிகளைப் படியுங்கள்: எத்தனை சுற்று, எங்கே யூ-டர்ன், எவ்வளவு நேரத்துக்குள் முடிக்க வேண்டும். டைம் டிரையலில் யாராவது முந்திப்போனால் அவர் பின்னால் ஒட்டிக்கொள்வது தடை, நேரத்தைக் கூட்டுவார்கள் அல்லது நீக்கிவிடுவார்கள். மாஸ் ஸ்டார்ட்டில் முழங்கை வைத்துச் சாயும் ஏரோ பார் கூடாது. சைக்கிள் சட்டத்தின் மேல்குழாயில் உட்கார்ந்து குனிந்து பாய்வதை வீடியோவில் பார்த்திருந்தால் மறந்துவிடுங்கள், சர்வதேச சைக்கிள் சங்கமான யூசிஐயே 2021-இல் அதைத் தடை செய்துவிட்டது.

காலைச் சாப்பாடு, ரேஸ் தொடங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால். ரேஸ் ஐந்தரைக்கு என்றால் மூன்றரைக்கு நாலு இட்லி, கொஞ்சம் சர்க்கரை, ஒரு காபி. சாம்பார், எண்ணெய் வேண்டாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும் ரேஸ் என்றால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும், பெரிய பச்சை வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராம் இருக்கும், கடலை மிட்டாய் வாயில் ஒட்டும் என்பதால் அது குரூப் ரைடுக்கே சரி. தண்ணீரில் எலெக்ட்ரால் (உப்பு, சர்க்கரைக் கலவைப் பொடி) போடுபவர்கள் ஒரு விஷயம் கவனியுங்கள்: பெரிய பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணீருக்கானது. அதை அப்படியே 600 மில்லி பாட்டிலில் கொட்டிக் குடித்தால் தாகம்தான் கூடும், வயிறும் புரளும்.

டைம் டிரையல்

இருபது நிமிடமாவது ஓட்டி உடம்பைச் சூடேற்றிவிட்டு வரிசைக்கு வாருங்கள். பெரும்பாலான ரேஸ்களில் ஒருவர் சீட்டைப் பிடித்துக்கொள்வார், அதற்குப் பழக்கமில்லை என்றால் ஒரு கால் ஊன்றியே கிளம்பலாம். கிளம்பும் கியர் லேசாக இருக்கட்டும்.

முதல் இரண்டு கிலோமீட்டரில் எல்லோரும் தங்களைச் சூப்பர்மேன் என்று நினைப்பார்கள். இரவெல்லாம் ஓய்ந்த கால், துடிக்கிற நெஞ்சு, பக்கத்தில் கைதட்டல், கேட்கவா வேண்டும். முதல் மூன்றில் ஒரு பங்கு தூரம் "இது ரொம்ப சுலபமா இருக்கே" என்று சந்தேகம் வரும்படி ஓட்டுங்கள், நடுப்பகுதியில் பேச முடியாமல், கடைசிப் பகுதியில் எண்ணிக்கொண்டே.

காற்று இருந்தால் கணக்கு மாறும். 10 கிலோமீட்டர் போய்த் திரும்ப வேண்டும், போகும்போது காற்று தள்ளி 40-இல் போனீர்கள், திரும்பும்போது 25 என்று வைத்துக்கொள்வோம். போக 15 நிமிடம், வர 24 நிமிடம். அதாவது பாதித் தூரம்தான் என்றாலும், எதிர்க்காற்றில் நீங்கள் கழிக்கும் நேரம் 9 நிமிடம் அதிகம். தள்ளுகிற காற்றில் உயிரைக் கொடுத்து 40-ஐ 41 ஆக்கினால் மிஞ்சுவது கிட்டத்தட்ட 22 நொடி, எதிர்க்காற்றில் 25-ஐ 26 ஆக்கினால் 55 நொடி. சக்தியைத் திரும்பும் வழிக்கு மிச்சம் பிடியுங்கள்.

நம் சாலை ரேஸ்களில் நேரம் போவதும் ஆட்கள் விழுவதும் யூ-டர்னில். கோனைச் சுற்றி வலப்பக்கமாகத் திரும்ப வேண்டியிருக்கும். ஐம்பது மீட்டருக்கு முன்பே லேசான கியருக்கு வந்துவிடுங்கள், திரும்பிய பிறகு கனமான கியரில் மாட்டிக்கொண்டு நின்று மிதிப்பவர்களை ஒவ்வொரு ரேஸிலும் பார்க்கலாம். பிரேக்கைத் திரும்புவதற்கு முன்பே முடித்துவிட்டு, வலது பெடல் மேலே, இடது பெடல் கீழே, இடதுகாலில் எடை. கண் கோனில் நிற்கக் கூடாது, வெளியேறப்போகும் சாலையைப் பார்க்க வேண்டும். கோன் பக்கத்தில் மணல் இருக்கிறதா என்று வார்ம்-அப்பின்போதே போய்ப் பார்த்துவிடுங்கள்.

மாஸ் ஸ்டார்ட்

முதல் இருபது பேருக்குள் இருக்கப் பாருங்கள். பின்னால் பாதுகாப்பு என்று தோன்றும், உண்மை நேர்மாறு. முன்னால் ஒருவர் திருப்பத்தில் லேசாகக் குறைத்தால் அந்தத் தயக்கம் பின்னே போகப் போகப் பெரிதாகி, ஐம்பதாவது ஆள் நின்றே விடுவார், பிறகு பிடிக்க ஸ்பிரிண்ட் அடிக்க வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் இப்படி நடந்தால் வேகமே இல்லாத ரேஸிலும் கால் காலியாகிவிடும்.

யாராவது பிய்த்துக்கொண்டு ஓடினால் உடனே துரத்த வேண்டாம். பெரும்பாலானவை இரண்டு நிமிடத்தில் தானாகவே அடங்கும். மற்றவர்கள் துரத்தட்டும், நீங்கள் அவர்கள் சக்கரத்தில் போங்கள், இங்கே கஞ்சத்தனம் தப்பே இல்லை. குரூப் ரைடில் முறைக்கு முறை இழுக்காதவரை முறைப்பார்கள், ரேஸில் அதே ஆளைக் கெட்டிக்காரர் என்பார்கள்.

முதல் ரேஸில் கூட்டம் உங்களைக் கழற்றிவிடும் வாய்ப்பே அதிகம். கழன்றதும் தலையைத் தொங்கப்போடாமல் பின்னால் பாருங்கள், உங்களைப் போலவே கழன்ற இரண்டு மூன்று பேர் வருவார்கள், சேர்ந்து முறைவைத்து இழுத்தால் நேரக் கெடுவுக்குள் முடித்துவிடலாம். கூட்டத்தோடே கடைசிவரை வந்துவிட்டீர்கள் என்றால், ஸ்பிரிண்டில் உங்களுக்கு வேலையில்லை என்று தெரிந்தால், கடைசி ஐந்நூறு மீட்டரில் ஓரமாக, நேர்கோட்டில், கையைப் பிரேக்கில் வைத்து வாருங்கள். கோட்டைத் தாண்டியதும் உடனே நிற்காதீர்கள், பின்னால் தலையைக் குனிந்தபடி முப்பது பேர் வந்துகொண்டிருக்கிறார்கள்.

விழுந்தால்

எழுவதற்கு முன் கழுத்து, தோள்பட்டை எலும்பு, மணிக்கட்டு அசைகிறதா என்று பாருங்கள். தலை தரையில் பட்டு, குமட்டலோ குழப்பமோ தலைவலியோ இருந்தால் மறுபடி சைக்கிளில் ஏறக் கூடாது, "ஒண்ணுமில்ல ப்ரோ" என்று அவர் சொன்னாலும் ஏற விடாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். சிராய்ப்பைச் சுத்தமான தண்ணீரும் சோப்பும் கொண்டு மணல் போகும்வரை கழுவ வேண்டும், எரியும், கழுவாவிட்டால் பிறகு இன்னும் எரியும். மஞ்சள், காபித்தூள் வேண்டாம். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று நினைவில்லையென்றால் மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். அடிபட்ட ஹெல்மெட் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே தெர்மோகோல் நசுங்கியிருக்கும், அதை மாற்றிவிடுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

அரை மணி நேரத்துக்குள் சாப்பிடுங்கள், தயிர்சாதமே அருமையானது. மதியம் ஒரு தூக்கம். திங்கட்கிழமை கால் கனத்தால் ஓய்வெடுங்கள், அல்லது அரை மணி நேரம் சும்மா உருட்டுங்கள். சைக்கிளை மட்டும் ஞாயிறே கவனியுங்கள். கடற்காற்றின் உப்பும் நம் வியர்வையும் சேர்ந்து ஹெட்செட் (ஹேண்டில்பார் திரும்பும் மூட்டு) போல்ட்டுகளையும், ஹேண்டில்பார் டேப்புக்கு அடியில் உள்ள அலுமினியத்தையும் அரிக்கும். ஈரத்துணியால் துடைத்து, செயினைக் காயவைத்து, எண்ணெய் விட்டு, டயரில் ஒட்டியிருக்கும் கம்பித் துணுக்குகளை அப்போதே எடுத்துவிட்டால் அடுத்த வெள்ளி இரவு வேலை குறையும்.